பொட்டியம்மாவுக்கு ஒரு பாதை

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் என் மேசைக் கம்ப்யூட்டரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் ஆபீசை விட்டுக் கிளம்புவேன். மற்ற நாட்களில் அது தூசி படிந்து கிடந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் அதில் ஒரு சின்ன மூக்கின் தடம் இருக்கும், எச்சில் இருக்கும், சில வாரம் பிஸ்கட் துகளும் ஒட்டியிருக்கும். அக்காவின் மகள் தன் அம்மாவுக்கு முத்தம் கொடுத்த அடையாளம் அது.

அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அவள் போகும்போது பிள்ளைக்கு எட்டு மாதம். மச்சான் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்கு நின்றார். மாதத்துக்கு ஒரு தரம் வந்து, பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, அவள் அழுததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். ஆகவே பிள்ளை என்னிடம் வளர்ந்தாள். யட்டியாந்தோட்டைக்கு மேலே ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், அப்பா, நான், அவள், மூன்று பேருக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. அப்பா விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் அவளை விட்டுவிட்டு, நான் ரோட்டோரத்தில் இருந்த கம்பனியின் வட்டார ஆபீசுக்கு இறங்குவேன். சுற்றுப்புறத் தோட்டங்களின் செக்ரோல் என்கிற வேலையாட்களின் சம்பளப் பதிவு, ரப்பர் கணக்கு, ஸ்டோர் கணக்கு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அங்கே நான் ‘கம்ப்யூட்டர் மிஸ்’. பிரிண்டரில் தாள் சிக்கினாலும் மிஸ், மின்னல் அடித்து மோடம் செத்தாலும் மிஸ், தோட்டத்துத் துரையின் மகள் அனுப்பிய படம் திறக்காவிட்டாலும் மிஸ்தான்.

இதெல்லாம் இரண்டாயிரத்து ஏழு வாக்கில். ஆபீசுக்கு அப்போதுதான் வேகமான இன்டர்நெட் வந்திருந்தது. குவைத்தில் வெள்ளிதான் விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த வீடு மொத்தமும் படுத்துத் தூங்குமாம். அங்கே இரண்டரை மணி என்றால் இங்கே ஐந்து. அந்த வீட்டு மூத்த மகள், படிக்கிற பெண், தன்னுடைய கம்ப்யூட்டரை அந்த நேரத்தில் அக்காவுக்குக் கொடுப்பாள். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

இங்கே அனுமதி கொடுத்தவர் பெரிய கிளாக்கர் ஐயா. சிரித்த முகத்தோடு கொடுத்தார் என்று சொல்ல முடியாது. “அஞ்சு மணிக்கு மேல எரியிறது கம்பனி கரண்டு புள்ள, ஒங்க அப்பன் வீட்டு கரண்டு இல்ல” என்றார். சொல்லிவிட்டு, குடையையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, பேப்பரை விரித்துப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். ஆபீஸ் சாவி அவரிடம் இருந்தது. நாங்கள் முடிக்கிற வரைக்கும் பூட்டிவிட்டுப் போக முடியாது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அவருடைய பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது. ஒரு நாளும் எழுந்து வாருங்கள் என்று எங்களை அவசரப்படுத்தவில்லை.

பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி, பொட்டு வைத்து, துவைத்த சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். லயத்துப் பெண்கள் வாசலில் நின்று கேலி செய்வார்கள். “வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கிற நேரத்துல, பொம்பளப்புள்ள ஆபீசுக்கு ஓடுது பாரு.”

“சாமி எங்கயும் போயிறாது. அக்கா அர மணி நேரந்தான் இருப்பா” என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பிள்ளை அந்தக் கம்ப்யூட்டரைப் பொட்டி என்பாள். பொட்டிக்குள் இருக்கிறவள் பொட்டியம்மா. பொட்டியம்மா உள்ளேதான் குடியிருக்கிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒரு தரம் நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து, தான் தின்ற பிஸ்கட்டில் பாதியை ஃப்ளாப்பி போடுகிற வாயில் திணித்துவிட்டாள். பொட்டியம்மாவுக்குப் பசிக்குமாம். அதை மயிர் பிடுங்கும் சிமிட்டாவால் கிளறி எடுப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மறுபக்கம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது.

என்னை அவள் அம்மா என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளை மடுவத்துச் சட்டம் அப்படி. சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போகிறவள் அம்மா. எல்லாப் பிள்ளையும் வாசலைப் பார்த்து அம்மா என்று கத்தும், இவளும் கத்தினாள், நான் திரும்பினேன். திருத்தவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று வந்து நின்றுபோயிருந்த காலம். அவள் ஓடிவந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லும்போது, இது இன்னொருத்தியின் பிள்ளை என்று நான் நினைப்பதே இல்லை. இருக்கட்டுமே, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்றுதான் இருந்தது.

பிள்ளை மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா வந்ததுமே ஒரு செய்தி சொன்னாள். அந்த வீட்டு மகள் படிப்புக்கு வேறு நாட்டுக்குப் போகிறாளாம். கம்ப்யூட்டரும் அவளோடு போகிறது. வருகிற வெள்ளிதான் கடைசி. அதற்குப் பிறகு அக்கா ஊருக்கு வருகிற வரைக்கும், அதாவது அடுத்த வருடம் தீபாவளி தாண்டும் வரைக்கும், இந்த முகம் பார்க்கிறது கிடையாது. அவள் இதைச் சும்மா சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏய் குட்டி, நான் யாருடி? சொல்லு பாப்போம்.”

“பொட்டியம்மா!”

“அப்ப இது யாரு?”

பிள்ளை என் கன்னத்தில் உள்ளங்கையால் தட்டினாள். “இது அம்மா.”

அக்கா சிரித்தாள். “பாரேன், என்னா கெட்டிக்காரி” என்றாள். பிறகு குனிந்து எதையோ தேடினாள். மேடம் எழும்பிவிட்டாள் போல இருக்கு என்றாள். படம் போய்விட்டது. வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா ஒரு நாளும் முதலில் இணைப்பைத் துண்டித்தவள் அல்ல. அந்த வீட்டு மகள் வந்து தோளைத் தொடுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள்.

அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது வழியெல்லாம் அக்காவைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குத் தலை வாரிவிட்டவள் அக்கா. அவள் பள்ளிக்கூடத்தை விட்டுப் பால் வெட்டப் போனாள், நான் கேகாலைக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். அவளை நான் ஒரு நாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள்.

அடுத்த வெள்ளி பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு அக்கா ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தேன்.

“நான் சித்தி. சொல்லு, சித்தி.”

“இல்ல. அம்மா.”

“பொட்டியில இருக்கிறவங்கதான் அம்மா. நான் சித்தி.”

அவள் என்னை ஏதோ களவு செய்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சொல்லி முடியாது என்று தெரிந்ததும், அம்மா என்று கூப்பிட்டால் திரும்புவதை நிறுத்தினேன். சொல்ல எளிது. நான் தேங்காய் திருவிக்கொண்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் நின்று அம்மா என்பாள். திருவுவேன். அம்மா, அம்மா என்பாள். திருவுவேன். பிறகு கத்துவாள். ஒரு நாள் என் கையைக் கடித்தே விட்டாள். அப்பா பொறுக்காமல், “புள்ளய ஏண்டி இப்புடி வதைக்கிற, அது என்னா பாவம் செஞ்சிச்சு” என்றார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் இருந்தேன். பிள்ளை வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  பிறகு தரையைப் பார்த்து, “சித்தி, தண்ணி” என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடித்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போய், தண்ணீர் நிரம்பி வழிகிற வரைக்கும் நின்று அழுதேன். ஜெயித்தவள் அழுத அழுகை அது. அப்படி ஒரு ஜெயம் யாருக்கும் வேண்டாம்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த அதே வாரம்தான் ஆபீசை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர்கள், சம்பளக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டர்களும் மற்றவையும் ஒரே வலையில் கிடப்பது சரியில்லை என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கொழும்பிலிருந்து ஒரு இன்ஜினியர், ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் கேபிள்களையெல்லாம் ஒன்றுசேர்க்கும் புது ஸ்விட்சைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும். சிங்களவர். என்னை நங்கி, தங்கச்சி என்றார், நான் அவரை அய்யே, அண்ணன் என்றேன். வெள்ளிக்கிழமையா பார்த்து வர வேண்டும் இந்த மனுஷன் என்று உள்ளுக்குள் எரிச்சல்.

பழைய ஸ்விட்ச் ஒரு மண்டபம் மாதிரி. யார் எங்கே கேபிளைக் குத்தினாலும் எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம். புதியதில் வீலேன் என்று பிரிவுகள் போடலாம். பெட்டி ஒன்றுதான், ஆனால் இந்தப் பிரிவில் இருப்பவர்களுக்கு அந்தப் பிரிவில் இருப்பவர்கள் கண்ணில் படமாட்டார்கள். எனக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. எங்கள் தோட்டத்திலும் மேல் டிவிசன், கீழ் டிவிசன் உண்டு. தோட்டம் ஒன்று, துரை ஒருவர். ஆனால் மேல் டிவிசனில் காலைப் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடித்தால் கீழ் டிவிசனில் யாரும் எழும்ப மாட்டார்கள். இங்கிருந்து அங்கே ஆள் போக வேண்டுமென்றால் நடுவில் யாராவது அனுப்பி வைக்க வேண்டும். ஸ்விட்சில் அந்த வேலையைச் செய்வதுதான் ரவுட்டிங்.

கணக்கு அறைக் கம்ப்யூட்டர்களுக்குப் பழைய சப்நெட், அதாவது ஒன்றாம் இலக்கத்து விலாசங்கள். இன்டர்நெட்டைக் கொண்டுவரும் ரவுட்டரும் அந்தப் பக்கமே நின்றது. மிச்சமான மெஷின்கள் எல்லாம், என்னுடையதும் சேர்த்து, புதிய வீலேனில், இரண்டாம் சப்நெட்டில். ஸ்விட்சுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு விலாசம். நடுவில் நிற்கிறவள் அவள். இன்ஜினியர் கணக்குப் பக்கத்தை முடித்து, பெரிய கிளாக்கரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

“ஒங்க பக்கம் நீங்க செய்றதானே நங்கி?” என்று உடைந்த தமிழில் கேட்டார்.

“அது என்னா பெரிய வேல, நீங்க போங்க” என்றேன். சிங்களத்தில் சொன்னேன், இன்னும் மிடுக்காக இருக்கட்டும் என்று.

செய்யவும் செய்தேன். ரவுட்டிங்கை முடுக்கினேன். வெளியே போகிறதையெல்லாம் ரவுட்டரிடம் கொடு என்று ஸ்விட்சுக்குச் சொன்னேன். என் மெஷினில் வெளியே போகும் வாசலாக, அதாவது கேட்வேயாக, ஸ்விட்சின் விலாசத்தைப் போட்டேன். பிறகு பிங் அடித்தேன். பிங் என்றால், இருக்கிறாயா என்று ஒரு சின்னக் கேள்வியை அனுப்புவது. இருக்கிறேன் என்று பதில் வரவேண்டும். ஸ்விட்சின் இந்தப் பக்கத்து விலாசத்தைக் கேட்டேன், பதில் வந்தது. அந்தப் பக்கத்து விலாசத்தைக் கேட்டேன், அதற்கும் வந்தது. இரண்டு பக்கமும் சரி என்று டீ குடித்துவிட்டு, பிள்ளையைத் தூக்க மடுவத்துக்கு ஓடினேன்.

ஐந்து மணிக்கு அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலையில் ஒரு துண்டு மல்லிகை. வழி நெடுகச் சொல்லிக் கொடுத்திருந்தேன், பொட்டியில் யார், அம்மா, நான் யார், சித்தி. கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தாள். மெசேஞ்சரைத் திறந்தேன். இணைக்கிறது, இணைக்கிறது என்று சுற்றியது. முடியவில்லை என்றது. மறுபடியும். மறுபடியும்.

“பொட்டியம்மா தூங்குறாங்களா?” என்றாள் பிள்ளை.

 ரவுட்டரைப் பிங் அடித்தேன். பதில் இல்லை. ஸ்விட்ச் பதில் சொல்கிறது, ரவுட்டர் சொல்லவில்லை. எழுந்து போய் ஸ்விட்சும் ரவுட்டரும் இருந்த அலுமாரியைத் திறந்து பார்த்தேன். கணக்கு அறையில் எல்லாம் அணைத்துவிட்டார்கள், வேறு யாரும் வேலை செய்யவில்லை. ஆனால் என் மெஷின் கேட்கும் ஒவ்வொரு தடவையும் ரவுட்டரின் விளக்கு கண் சிமிட்டியது. கேள்வி போய்ச் சேருகிறது. அங்கே ஆள் இருக்கிறது. பதில்தான் என்னிடம் வரவில்லை.

என் கேபிள் வரும் வாயைக் கணக்குப் பக்கத்து வீலேனுக்கு மாற்றிவிட்டால் ஒரு நிமிட வேலை. நினைக்காமல் இல்லை. ஆனால் கணக்குப் பக்கத்துக்குள் வேறு ஒரு மெஷினும் நுழையாது என்று அன்று மத்தியானம்தான் பெரிய கிளாக்கருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார். இப்போது பின்னால் குடையோடு உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு யாராவது கேட்டால் தலை குனிவது அவர்தான். மனசு வரவில்லை.

அந்தக் கணத்தில் இன்னொன்றும் தோன்றியது. விட்டுவிடேன். உன்மேல் என்ன குற்றம், ஆபீஸ் வேலை, கம்பனி உத்தரவு. அக்கா வரும்வரை பிள்ளை உன்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். ஒரு வருடம். வெள்ளிக்கிழமையே இல்லாத ஒரு முழு வருடம். எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. மல்லிகை வாசனையோடு அவள் தலை என் தாடையில் முட்டிக்கொண்டிருந்தது.

போனை எடுத்து இன்ஜினியரைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் பஸ்ஸில்தான் இருந்தார். ஹோர்ன் சத்தத்துக்கு நடுவே, விளக்கு மினுங்குவதைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார்.

“நங்கி, ஆபஹு என பாரக் தாலா நேனே.”

திரும்பி வர ஒரு பாதை போடவில்லையே என்கிறார்.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். தோட்டத்தில் பிறந்தவளுக்கு வருகிற புத்தி இது. எங்களுக்குப் போகிற பாதைதான் வருகிற பாதை. லயத்திலிருந்து ஸ்டோருக்கு ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தால், ஸ்டோரிலிருந்து லயத்துக்கும் அதிலேதான் ஏறி வருவோம். வேறு யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. போக வழி போட்டுவிட்டால் வரவும் போட்டாயிற்று என்றே இருந்துவிட்டேன். வலை அப்படி அல்ல. பதில் சொல்கிறவன் தன் கையில் இருக்கிற வழிகளைப் பார்த்துத்தான் பதிலை அனுப்புவான். இரண்டாம் சப்நெட் என்று ஒன்று இருப்பதையே அந்த ரவுட்டருக்கு யாரும் சொல்லவில்லை. தெரியாத விலாசம் எல்லாம் வெளியூர் என்று நினைத்து, எனக்கு வரவேண்டிய பதில்களை அது இன்டர்நெட் பக்கம் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. நான் சரிபார்த்ததாக நினைத்த இரண்டு விலாசமும் ஸ்விட்சினுடையவைதான். நடுவில் நிற்கிறவளையே இரண்டு தரம் கேட்டுவிட்டு, எல்லோரும் சுகம் என்று டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

இப்போது ரவுட்டருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் என் மெஷினிலிருந்து அதை எட்ட முடியாது, அதுதானே வில்லங்கம். இன்ஜினியர்தான் சொன்னார், ஸ்விட்சுக்குள் போய் அங்கிருந்து ரவுட்டருக்குள் போ என்று. ஸ்விட்ச் இரண்டு பக்கமும் தெரிந்தவள், அவளுக்குப் பதில் வரும். போனேன். இரண்டாம் சப்நெட்டுக்கு உரியதையெல்லாம் ஸ்விட்சின் கையில் கொடு என்று ஒரே ஒரு வரி. அதைத் தட்டி முடிப்பதற்குள் பாஸ்வேர்டை இரண்டு தரம் பிழையாக அடித்தேன். பிள்ளை மேசைக்குக் கீழே உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது.

“சரி வருதா புள்ள?” என்றார் பெரிய கிளாக்கர்.

“வருதுங்க ஐயா.”

பிங் அடித்தேன். ரவுட்டர், இருக்கிறேன் என்றது. நாலு வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. கோயிலில் கும்பிட்டுக்கூட நான் அப்படி மூச்சு விட்டதில்லை.

அக்கா திரையில் வந்தபோது முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அழுது முடித்த முகம். “எங்கடி போனீங்க, இனி வர மாட்டீங்கன்னு எழும்பப் போனேன்” என்றாள். பக்கத்தில் அந்த வீட்டு மகளின் கை தெரிந்தது, கடிகாரத்தோடு. நேரம் இல்லை. பிள்ளையைக் கீழேயிருந்து இழுத்து மடியில் வைத்தேன். என் ஒற்றைச் செருப்பு அவள் காலில் தொங்கியது.

“யாருன்னு சொல்லு” என்று காதில் சொன்னேன்.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்றுவரைக்கும் மறக்கவில்லை. நிஜமாகவே சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன். திரும்பி, ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்து, “அம்மா” என்றாள்.

அக்கா கையை நீட்டினாள். பிள்ளையைத் தொடுவதற்கு நீட்டிய கை, கேமராவைப் போய் மூடிக்கொண்டது. திரை முழுவதும் சிவப்பாகி இருட்டானது.

“சித்தி, பொட்டி இருட்டாயிருச்சு” என்றாள் பிள்ளை. யாரும் சொல்லச் சொல்லாமல், தானாகச் சொன்னாள். ஒரு வாரமாகத் திரும்பாத நான் அன்று திரும்பி, “ஆமாடி தங்கம், அது அம்மா கை” என்றேன்.

அன்று கண்ணாடியைத் துடைக்காமல் வந்துவிட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது அந்த விரல் தடம் அப்படியே இருந்தது. ஆபீஸ் கூட்டுகிற பெண் ஈரத்துணியோடு வந்தாள், என் மேசைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தானாக மங்கி மறைகிற வரைக்கும் அதற்குப் பின்னால்தான் செக்ரோல் அடித்தேன்.

அக்கா சொன்னபடி அடுத்த வருடம் தீபாவளி தாண்டி வந்தாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிள்ளை அவளிடம் தயங்காமல் போனாள். அம்மா என்றே போனாள். மச்சானுக்கு ரம்புக்கனையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே ஒரு வீடு பார்த்துப் போனார்கள். பிள்ளையின் சட்டைகளை மடித்து வைக்கும்போது, பழையது, சின்னதாகிவிட்டது என்று பொய் சொல்லி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு காம்பரா பெரிதாகிவிட்டது. அப்பாவும் நானும் அதில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடமாடினோம். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கால் தானாக மடுவத்துப் பக்கம் ஏறும். பாதியில் நினைவு வந்து திரும்புவேன். எந்தப் பிள்ளையாவது வாசலைப் பார்த்து அம்மா என்று கத்தினால் என் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். அந்த ஒரு வாரம் எவ்வளவு பாடுபட்டுத் திரும்பாமல் இருக்கப் பழகினேனோ, அந்தப் பழக்கம் முழுக்கப் போய்விட்டது.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு போய்ப் பார்ப்பேன். கரவனெல்லை தாண்டி, கேகாலையில் பஸ் மாறி, ரம்புக்கனையில் இறங்கும்போதே அவள் ரோட்டுக்கு ஓடிவருவாள். “சித்தி!” என்பாள். ஒரு தரமும் பிழை விட்டதில்லை. நான் என்னவோ நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தவறியாவது ஒரு தரம் மாற்றிக் கூப்பிடக் கூடாதா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைப்பேன். இறங்கும்போது அந்த நினைப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவேன்.

ஸ்கூலில் சேர்த்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் முன்னறையில் பாயில் படுத்து, கொப்பியில் மாம்பழத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். கண்டிக்குப் போகிற ரயில் ஒன்று மேட்டில் முக்கிக்கொண்டு ஏறியது. அது போய் முடிந்ததும், தலையைத் தூக்காமலே பிள்ளை கூப்பிட்டாள்.

“அம்மா.”

“என்னம்மா” என்றேன்.

அதே நேரம் அடுப்படியிலிருந்து அக்காவும் “என்னம்மா” என்றாள். இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. அக்கா அகப்பையோடு வாசற்படிக்கு வந்து என்னைப் பார்த்தாள். நான் கிழங்கைப் பார்த்தேன்.

பிள்ளை நிறப் பென்சிலைக் கீழே வைத்தாள். என் முழங்காலில் கையை வைத்து, நான் வருத்தப்படக் கூடாது என்பதுபோல, பொறுமையாகச் சொன்னாள்.

“ஒங்களக் கூப்பிடல சித்தி. அம்மாவத்தான் கூப்பிட்டேன்.”

“தெரியும்டா, தெரியும்” என்றேன்.

அவளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அக்கா உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.